உட்காரக் கூடாத பன்னிரண்டு நாற்காலிகள்

வடிவமைப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்காக என் பணி அனுபவத்தைக் கொஞ்சம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். கூடவே ஒரு குறிப்பு: “இன்ஸ்பைரிங்கா இருந்தா நல்லாருக்கும் மேடம்.” பீன்யா தொழிற்பேட்டையில் உள்ள இதே தொழிற்சாலையில் முப்பத்துநான்கு வருடம், முதலில் வரைபலகைக்கும் பிறகு கணினிக்கும் முன்னால் குனிந்து உட்கார்ந்து ஓய்வு பெற்றவளிடம் மிச்சமிருப்பது கழுத்துவலிதான். அதில் பங்கு வேண்டுமானால் தருகிறேன்.

வெற்றிகளைப் பற்றி எழுதலாம் என்றால், அவையெல்லாம் ஏற்கெனவே கம்பெனியின் வழவழப்பான புத்தகங்களில் வேறு ஆட்களின் பெயரில் வந்துவிட்டன. தவறுகளைத்தான் யாரும் உரிமை கொண்டாடவில்லை. அதில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

பத்து வருடம் நான் வடிவமைப்புப் பிரிவின் தலைவி. பெரிய பதவிபோலத் தெரியும். வரைபடத்தின் வலது கீழ் மூலையில் ‘அப்ரூவ்டு’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறதல்லவா, அதில் கையெழுத்துப் போடுகிறவள் என்று பொருள். அந்தக் கட்டம் தபால்தலை அளவுதான் இருக்கும். ஒரு மனுஷியின் எலும்பை உடைக்க அது போதும்.

ஓய்வு பெறுவதற்கு ஒன்றரை வருடம் முன்பு ஒரு காலை, சின்ன முதலாளி என் மேசைக்கு வந்தார். தொழிற்சாலையைத் தொடங்கியவரின் மகன், வெளிநாட்டில் எம்.பி.ஏ. படித்தவர். சாதாரண நாட்களில் என்னை ‘மேடம்’ என்பார். காரியம் ஆகவேண்டிய நாட்களில் ‘ஆன்ட்டி’.

“ஆன்ட்டி, ஒரு நிமிஷம்,” என்றபடி ஒரு தடிப் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். டீப்பாய்மேல் வைத்து யாரும் படிக்காமல் இருப்பதற்கென்றே அச்சிடுவார்களே, அந்த வகை. விரித்த பக்கத்தில் ஒரு மர நாற்காலி. குட்டையான முதுகுச் சாய்வு, விரிந்து நின்ற மெலிந்த பின்கால்கள். ஓடப் போகிற மானை நிறுத்திப் படம் எடுத்ததுபோல இருந்தது.

“இதே மாதிரி பன்னெண்டு வேணும். அவுட்டர் ரிங் ரோடுல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. மேல்மாடில லௌஞ்ச் பண்றாங்க. இத்தாலியன் தீம்.”

“ஒரிஜினலையே வரவழைக்கலாமே.”

“அது வர ஏழு மாசம் ஆகும். அவங்களுக்கு ஏழு வாரத்துல திறப்பு விழா. வக்கீலைக் கேட்டாச்சு, அந்த டிசைனுக்கு உரிமையெல்லாம் முடிஞ்சு போச்சாம்.”

“அப்ப நாம பண்றது காப்பி.”

“டிரிப்யூட் ஆன்ட்டி,” என்றார்.

தொழிலில் நீங்கள் முதலில் மனப்பாடம் செய்யவேண்டிய சொல் அது. உயிரோடு இருப்பவரிடமிருந்து எடுத்தால் திருட்டு. இறந்தவரிடமிருந்து எடுத்தால் மரியாதை.

அந்த இத்தாலியக் கட்டடக் கலைஞரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் பெயரைத் தேவைக்கு மேல் பயன்படுத்தியவர்கள் பட்டியலில் ஏற்கெனவே நான் இருக்கிறேன். லௌஞ்சின் சுவரில் மாட்ட அவருடைய வாழ்க்கைக் குறிப்பு ஒன்று வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டிருந்தார்கள். எங்கள் கம்பெனியில் முழுப் புத்தகம் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு மட்டும் இருந்ததால் அந்த வேலையும் என்னிடம் வந்தது. ஒரு வாரம் என் ஜோகுபாளையத்து வீட்டில் சாயங்காலங்களில் உட்கார்ந்து அவரைப் படித்தேன்.

ரயில் நிலைய அதிகாரி ஒருவரின் மகன். கட்டடக் கலை படித்து முடிப்பதற்கும் உலகப் போர் வெடிப்பதற்கும் சரியாக இருந்தது. போர் முடிந்தபோது ஊரில் சிமெண்ட் இல்லை, இரும்பு இல்லை, கண்ணாடி இல்லை; கட்டடக் கலைஞர்கள் மட்டும் ஏராளமாக இருந்தார்கள். முதல் சில வருடங்கள் குண்டு விழுந்த வீடுகளுக்குக் கூரை போட்டார். பிறகு நூற்பாலைத் தொழிலாளர்களுக்கு வரிசை வீடுகள் கட்டினார். அதன்பின் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கட்டும் வேலை கிடைத்தது. கட்டடம், கதவுக் கைப்பிடி, விளக்கு, குப்பைக்கூடை வரை எல்லாவற்றையும் அவரே வரைந்தார்.

அந்த நாற்காலியையும் அங்கேதான் வரைந்தார். நீளமான கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து நாள் முழுக்க டெலிபோன் இணைப்புக் கொடுத்த பெண்களுக்காக. அந்தப் பெண்களால் நேராக உட்கார முடியாது. வலப்பக்கம் எட்டி ஒரு கம்பியைச் செருக வேண்டும், இடப்பக்கம் சாய்ந்து இன்னொன்றை உருவ வேண்டும். பத்து நாள் அந்தக் கூடத்தின் ஓரத்தில் நின்று அவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். முழங்கை இடிக்காதபடி சாய்வைக் குட்டையாக்கினார். பக்கவாட்டில் சாயும்போது தாங்கும்படி பின்கால்களை விரித்தார்.

நாற்காலி பத்திரிகை அட்டையில் வந்தது. அதன் பிறகு ஆறு வருடம் அவர் வாழ்க்கையில் ஒன்றுமே இல்லை. எல்லாப் புத்தகங்களும் அந்த இடத்தை ஒரே வரியில் தாண்டின: அவர் சில காலம் பெரிய பணிகளில் ஈடுபடவில்லை. பிறகு பெட்ரோல் பங்க்குகள், ஆஸ்பத்திரிக் கட்டில்கள், ஒரு சிறிய நூலகம், கல்லூரியில் பாடம். வாடகை வீட்டில் இறந்தார். இறந்த பிறகுதான் அவருடைய தொழில் சூடு பிடித்தது. ஏலக்கடைகளும் காட்சிக்கூடங்களும் அவரைத் தேடத் தொடங்கின. நம் துறையில் பதவி உயர்வு பெரும்பாலும் அந்த வேகத்தில்தான் வரும், பொறுமையாக இருங்கள்.

இதையெல்லாம் படித்த பிறகுதான் வரைபடம் போட உட்கார்ந்தேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த நாற்காலியில் உட்காருகிறவர்கள் பக்கவாட்டில் சாய்வார்கள் என்பது எனக்குத் தெரியும்.

புத்தகத்தில் அளவுகள் இல்லை, படம் மட்டும்தான். என் கணக்குப்படி பின்கால், இருக்கையோடு சேரும் இடத்தில் இருபத்தெட்டு மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். அப்படியே ஒரு மாதிரி செய்தோம். சின்ன முதலாளி வந்து சுற்றிப் பார்த்தார்.

“ஆன்ட்டி, படத்துல மான் மாதிரி நிக்குது. நம்மளுது எருமை மாதிரி நிக்குது.”

இருபத்தைந்துக்கு இறக்கினேன். “இப்ப கன்னுக்குட்டி,” என்றார். இருபத்திரண்டுக்கு இறக்கினேன். அது படத்தோடு அச்சாகப் பொருந்தியது.

மாதிரிகள் செய்யும் பட்டறைக்கு மேஸ்திரி முனிரத்னம். ஸ்ரீராம்புரத்துக்காரர். என்னோடு இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். நான் வரைந்ததைச் செய்து கொடுப்பார். எது தப்பு என்பதை முகத்தைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துச் சொல்வார். அன்று அந்த இருபத்திரண்டு மில்லிமீட்டர் காலை விரலால் தட்டினார்.

“இது சும்மா ஷோவுக்கு ஓகே மேடம். நேரா உக்காந்தா ஒண்ணும் ஆவாது. ஆனா இப்பிடி ஒருக்கா சாஞ்சா,” என்று உடம்பை வளைத்துக் காட்டினார், “இங்க விட்டுடும்.”

“டெஸ்ட் பண்ணிடலாம் முனிரத்னம்.”

“நாலு நாளு குடுங்க. மூட்டைய வெச்சு சைடுல தள்ளித் தள்ளிப் பாக்கணும். ஒரு தடவ ரெண்டு தடவல தெரியாது இது.”

நாலு நாள் கேட்கப் போனேன். சின்ன முதலாளி அரை நாள் கொடுத்தார். மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருவதுபோல விறைப்பாக உட்கார்ந்து எழுந்தார்கள். நாற்காலி நின்றது. நான் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மேலிடத்து நெருக்கடி என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் இரக்கம் வரும். உண்மையில் ‘முடியாது’ என்று சொல்லியிருந்தால் அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். மெலிந்த கால் அழகாக இருந்தது. எனக்கே அதுதான் பிடித்திருந்தது. முப்பது வருடம் ஆபீஸ் மேசைகளாக வரைந்து தள்ளியவளுக்கு, ஒரு தடவையாவது புத்தகத்தில் வருகிற மாதிரி ஒன்று செய்ய ஆசை. அந்த ஆசைக்கு ஆறு மில்லிமீட்டர் செலவானது.

நாற்காலிகளைக் கொண்டுபோய் வைத்த அன்று வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து கார்த்திக் வந்து நின்றார். கரூர்ப் பையன், முப்பது வயது இருக்கும், நல்ல மரியாதை. அந்தக் கம்பெனியில் பணியிட அனுபவத் தலைவர். எனக்கு முப்பத்துநான்கு வருடம் இருந்தும் அப்படி ஒரு பட்டம் கிடைக்கவில்லை. நான் எழுதிய வாழ்க்கைக் குறிப்பை அவர் போனில் வைத்துப் படித்தார்.

“மேடம், ரொம்ப நல்லா இருக்கு. இந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் லேடீஸ் மட்டும் கொஞ்சம் மாத்திக்கலாமா? லௌஞ்ச்ல இன்வெஸ்டர்ஸ் வருவாங்க.”

“அவங்களுக்காகத்தான் செஞ்சார் சார்.”

“தெரியுது மேடம். ‘தகவல் தொடர்புத் துறையின் முன்னோடிகளுக்காக’ன்னு போட்டுக்கலாமா?”

போட்டுக்கொண்டோம். பித்தளைத் தகடு, பொறித்த எழுத்து. அது வரவிருந்த இடத்துக்குக் கீழே ஏற்கெனவே ஒரு சின்னப் பலகை வைத்திருந்தார்கள்: தயவுசெய்து உட்காராதீர்கள்.

“உட்காரக் கூடாதா?” என்று கேட்டேன்.

“பன்னெண்டு பீஸ்தானே மேடம் இருக்கு. எல்லாரும் உக்காந்தா சீக்கிரம் பழசாயிடும். இது பாக்கறதுக்கு.”

அந்தக் கணத்தில் எனக்கு வந்தது கோபம் என்று நீங்கள் நினைத்தால் நன்றி. வந்தது நிம்மதி. தான் வரைந்த நாற்காலியில் யாரும் உட்கார மாட்டார்கள் என்று கேட்டு மனம் குளிர்ந்த ஒரே வடிவமைப்பாளர் நானாகத்தான் இருப்பேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், ஒருவர் உட்கார்ந்தார்.

அவர் பெயர் பாக்யா. அந்தக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. காண்ட்ராக்டர் மூலம் வந்தவர். லௌஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தபோது காலில் தசை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்தது நாற்காலி. உட்கார்ந்தார். நேராக உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. யாரோ வருகிற சத்தம் கேட்டு, வழியில் இருந்த வாளியை நகர்த்த வலப்பக்கம் சாய்ந்தார். முனிரத்னம் விரலால் தட்டிய அதே இடத்தில் கால் விட்டுப்போனது. வலது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு உடைந்தது.

அவரைத் தூக்கிவிட்டவர்கள் முதலில் நாற்காலியைத்தான் பார்த்தார்களாம். சாயங்காலத்துக்குள் காண்ட்ராக்டர் கடிதம் தயார் செய்துவிட்டார்: பலகையில் எழுதியிருந்ததை மீறி உட்கார்ந்து வாடிக்கையாளரின் விலை உயர்ந்த கலைப்பொருளைச் சேதப்படுத்தினார், ஆகவே வேலையிலிருந்து நீக்கம். அப்படி ஒரு கடிதத்தோடு போனால் இந்த ஊரில் வேறு எந்தக் கட்டடத்திலும் துடைப்பத்தைக்கூடக் கையில் கொடுக்க மாட்டார்கள்.

மறுநாள் புதன்கிழமை காலையில் சின்ன முதலாளி வந்தார். “ஆன்ட்டி,” என்றார்.

“வெள்ளிக்கிழமை அவங்ககூட மீட்டிங். ஒரே பக்கத்துல ஒரு டெக்னிக்கல் ரிப்போர்ட் வேணும். ‘இம்ப்ராப்பர் யூஸ்’னு வரணும்.”

“நாற்காலில உட்கார்றது இம்ப்ராப்பர் யூஸா?”

“போர்டு இருந்துச்சே ஆன்ட்டி. அந்த லேடிமேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நம்ம மேல வந்தா அடுத்த ரெண்டு ஆர்டரும் போயிடும்.”

அவர் போன பிறகு முனிரத்னம் வந்தார். செய்தித்தாளில் சுற்றிய எதையோ என் மேசைமேல் வைத்துப் பிரித்தார். லௌஞ்சிலிருந்து திருப்பி அனுப்பியிருந்த உடைந்த பின்கால். ‘அன்னிக்கே சொன்னேனே’ என்று சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். கிளம்பும்போது மட்டும் காலைப் பார்த்தபடி சொன்னார்: “நம்ம ஏரியா பொம்பளதான் மேடம். ரெண்டு சந்து தள்ளி. வீட்டுக்காரர் இல்ல. பொண்ணு காலேஜுல பியூசி படிக்குது.”

நான் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். எனக்கு நன்றாக எழுத வரும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மரத்தின் இயல்பான குறைபாடு, ஈரப்பதம், வடிவமைப்பு அனுமதிக்காத திசையில் ஏற்பட்ட விசை. ஒவ்வொரு வரியும் உண்மைமாதிரியே இருந்தது. படிக்கிறவர்களுக்கு, பாக்யா என்பவர் நாற்காலியோடு மல்யுத்தம் செய்தார் என்று தோன்றும்.

ஒரு குறைதான் இருந்தது. ஒரிஜினல் நாற்காலியிலும் கால் இதே தடிமன்தான் என்று ஒரு வரி சேர்க்க முடிந்தால் பழி முழுக்க அந்த இத்தாலிக்காரர்மேல் போய்விடும். இறந்தவர் மறுப்புக் கடிதம் அனுப்ப மாட்டார். அவருடைய வரைபடங்களை அவர் ஊரில் ஒரு சிறிய அறக்கட்டளை பாதுகாத்து வருவதாகப் படித்திருந்தேன். மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்: உங்கள் மேதையின் நாற்காலியைப் பற்றி ஆராய்கிறேன், பின்காலின் தடிமன் என்ன?

வியாழக்கிழமை காலையில் பதில் வந்திருந்தது. எழுதியவர் எழுபதுகளைத் தாண்டிய ஒரு அம்மாள். சின்ன வயதில் அவரிடம் வரைபடம் போட்டவராம். ஆங்கிலம் பேரனுடையது என்று கீழே குறிப்பு. சுற்றி வளைக்கவில்லை.

புத்தகங்களில் வருகிற படத்தைப் பார்த்து ஏதாவது செய்துவிடாதீர்கள் என்று எழுதியிருந்தார். அந்தப் படத்தில் இருப்பது முதலில் செய்த நாற்காலிகள். எக்ஸ்சேஞ்சில் வைத்த இரண்டாம் மாதத்தில் ஒன்று உடைந்து ஒரு பெண்ணுக்கு இடுப்பில் அடி. அவள் துள்ளித் துள்ளி உட்கார்ந்தாள் என்று நிர்வாகம் எழுதி வைத்தது. கட்டடக் கலைஞர் போய், கால் என்னுடையது, அவள் சரியாகத்தான் உட்கார்ந்தாள் என்று சொல்லிவிட்டு எல்லா நாற்காலிகளையும் திரும்ப எடுத்துவந்து காலைத் தடிமனாக்கினார். தாங்கள் எழுதியதைப் பொய்யாக்கிவிட்டார் என்று நிர்வாகத்துக்குக் கோபம். ஆறு வருடம் பெரிய கம்பெனி எதுவும் அவரைக் கூப்பிடவில்லை. காலைத் தடிமனாக்குவதற்கு முன்பே புகைப்படக்காரர் வந்துபோய்விட்டார். மெலிந்த கால் படத்தில் அழகாக இருப்பதால் இன்றுவரை எல்லோரும் அதையே அச்சடிக்கிறார்கள். இதனால் அவர் ஞானி ஆகிவிட்டார் என்றெல்லாம் நினைக்காதீர்கள். ஒரு வருடம் எங்கள் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். கடிதம் அப்படி முடிந்தது.

கூடவே ஒரு வரைபடம். பழைய கோட்டின் மேல் சிவப்பு மையில் குறுக்கே அடித்திருந்தது. புதிய அளவு முப்பது.

அந்த இத்தாலிக்காரர் மற்றதையெல்லாம் சரியாகச் செய்திருக்கிறார். அவர் தூக்கி எறிந்த ஒன்றைத்தான் நான் தேடிப்பிடித்துச் செய்திருக்கிறேன். வாழ்நாளில் ஒரு பெரிய தவறு செய்தேன், அதையும் ஒரிஜினலாகச் செய்ய முடியவில்லை.

அந்தக் கடிதம் என் மனசாட்சியைத் தட்டி எழுப்பியது என்று எழுதினால் அலுவலகத்தில் சந்தோஷப்படுவார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. நாள் முழுக்க எரிச்சலாக இருந்தது. நேற்றுவரை ‘எனக்குச் சந்தேகம்தான், உறுதியாகத் தெரியாது’ என்று எனக்கே சொல்லிக்கொள்ள முடிந்தது. இப்போது எழுத்தில் வந்துவிட்டது. ஒளிந்துகொள்ள இருந்த ஒரே இடத்தையும் அந்த அம்மாள் பெருக்கித் துடைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு அந்த லௌஞ்சிலேயே கூட்டம். கார்த்திக், சின்ன முதலாளி, ஹவுஸ்கீப்பிங் காண்ட்ராக்டர், நான். வெளியே தாழ்வாரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் மாவுக்கட்டோடு பாக்யா உட்கார்ந்திருந்தார். அவரைக் கூப்பிட்டது கடிதத்தில் கையெழுத்து வாங்க. வலது கையில் கட்டு என்பதால் இடது பெருவிரல் ரேகை போதும் என்று மைப்பெட்டியோடு வந்திருந்தார் காண்ட்ராக்டர். திட்டமிட்டு வேலை செய்கிறவர்.

“மேடம், உங்க ரிப்போர்ட்?” என்று கார்த்திக் கேட்டார்.

நான் எழுதிய அழகான பக்கம் பைக்குள்ளேயே இருந்தது. அதற்குப் பதிலாக எங்கள் வரைபடத்தை மேசைமேல் விரித்தேன்.

“கால் இருபத்தெட்டு இருக்கணும். இருபத்திரண்டு போட்டது நான். கீழ கையெழுத்தும் என்னுது. சாய்ஞ்சா உடையும்னு எங்க மேஸ்திரி முன்னாடியே சொன்னாரு. அந்தம்மா நாற்காலில உட்கார்ந்தாங்க, அவ்ளோதான். நாற்காலி அதுக்குத்தான்.”

சின்ன முதலாளியின் முகத்தில் ஒரே சமயத்தில் மேடமும் ஆன்ட்டியும் காணாமல் போனார்கள்.

“ஒரு பீஸ்ல மரம் வீக்கா இருந்திருக்கும்,” என்று கார்த்திக்கைப் பார்த்துச் சொன்னார். “மத்த பதினொண்ணும் பெர்ஃபெக்ட். இவங்க கொஞ்சம் எமோஷனல் ஆயிட்டாங்க.”

“அப்ப உட்காருங்க சார்,” என்றேன். “அந்த ஓரத்துல இருக்கறதுல. உட்கார்ந்து கொஞ்சம் வலப்பக்கம் சாய்ஞ்சு காட்டுங்க.”

அவர் எழுந்தார். நாற்காலிவரை போனார். அதன் சாய்வில் கையை வைத்தார். காலைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, யாரும் கூப்பிடாத அந்தப் போனில் எதையோ படித்தார். உட்காரவில்லை.

அவ்வளவுதான். நான் கொண்டுபோயிருந்த இத்தாலிய வரைபடத்துக்குக்கூட வேலை வரவில்லை. கார்த்திக் சின்ன முதலாளியைப் பார்த்தார். பிறகு காண்ட்ராக்டர் பக்கம் திரும்பினார்.

“அந்த லெட்டரைக் குடுங்க.”

“சார், போர்டு இருந்துச்சு சார்.”

“குடுங்கண்ணா.”

வாங்கி நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். தாழ்வாரத்துக்குப் போய் பாக்யாவிடம் அவரே பேசினார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அந்தம்மா தலையை மட்டும் ஆட்டுவது தெரிந்தது.

பிறகு நடந்தவை சாதாரணமானவை. பாக்யாவை வேலையில் வைத்துக்கொண்டார்கள். கை சரியாகும்வரை சம்பளத்தோடு விடுப்பு. வைத்தியத்தை எங்கள் கம்பெனி ஏற்றது. பன்னிரண்டு நாற்காலிகளையும் எடுத்துவந்து முப்பது மில்லிமீட்டர் காலோடு செய்து அனுப்பினோம். முனிரத்னம் கேட்ட நாலு நாளைக் கொடுத்தேன்; அவர் ஆறு நாள் எடுத்துக்கொண்டார். தடித்த கால் ‘பிரீமியமாக இல்லை’ என்று லௌஞ்சில் வேறு ஏதோ சோபா போட்டுவிட்டார்கள். நம் நாற்காலிகள் அங்கே எங்கோ ஒரு தளத்தில் புழக்கத்தில் இருக்கின்றன. யாரும் இதுவரை விழவில்லை. எங்கள் அடுத்த இரண்டு ஆர்டரில் ஒன்று போனது, ஒன்று வந்தது.

சின்ன முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அது கேட்பதற்கு நன்றாக இருக்காது. ‘மூத்த ஆலோசகர்’ என்று ஒரு பதவி உண்டாக்கி, ஜன்னலோரம் நல்ல அறை கொடுத்து, கையெழுத்துப் போடும் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். மீதி வருடம் முழுக்க என்னிடம் யாரும் ஆலோசனை கேட்கவில்லை.

முனிரத்னத்திடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு கணம் மரத்தைப் பார்த்தார். “நானுந்தான் மேடம் அதைச் செஞ்சு குடுத்தேன். முடியாதுன்னு உளிய கீழ வெச்சிருக்கலாம்,” என்றவர், “ஆனா மொதல்ல நீங்க,” என்று சேர்த்துக்கொண்டார்.

கூட்டம் நடந்து பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு ஸ்ரீராம்புரத்துக்குப் போனேன். முனிரத்னம் சந்து முனையில் வீட்டைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். ஏன் போனேன் என்று கேட்டால் அப்போது ‘பார்த்துவிட்டு வர’ என்று சொல்லியிருப்பேன். உண்மையில் நன்றி வாங்கப் போனேன். வழியெல்லாம், ‘ஐயோ, அதெல்லாம் எதுக்கும்மா’ என்று எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

ஒற்றை அறை வீடு. மகள் படித்துக்கொண்டிருந்த புத்தகங்களை ஒதுக்கி எனக்குக் கட்டிலில் இடம் கொடுத்தாள். பாக்யா இடது கையாலேயே டீ போட்டு, இடது கையாலேயே டம்ளரை நீட்டினார். “தப்பா நெனச்சிக்காதீங்க, இந்தக் கைலதான் வருது,” என்றார். எதிரே தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கை வலி, டாக்டர், பிசியோதெரபி என்று பேசினோம். நான் அந்த நன்றிக்காகக் காத்திருந்தேன்.

“அந்தக் காலு வீக்குன்னு உங்களுக்கு எப்ப தெரியும் மேடம்?” என்று கேட்டார். குரலில் கோபம் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“நீங்க விழுந்த அன்னிக்கே தெரியும்,” என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. அதுவும் முழு உண்மை இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அவர் மனதுக்குள் எண்ணிப் பார்ப்பது தெரிந்தது.

“செவ்வா கெழமை விழுந்தேன். வெள்ளிக்கெழமை வந்து சொன்னீங்க. அந்த மூணு நாளு நான் இங்க உக்காந்து, இனிமே வேலைக்கு எங்க போறது, இவள காலேஜ நிறுத்திடலாமான்னு பேசிக்கினு இருந்தேன். இவளும் சரின்னுட்டா. புக்கெல்லாம் கட்டி மேல வெச்சிட்டா.” மகள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. “அந்த மூணு நாளு நீங்க இன்னா மேடம் பண்ணிக்கினு இருந்தீங்க?”

என் பையில், கையெழுத்துப் போடாத அந்த ஒரு பக்க ரிப்போர்ட் அப்போதும் மடித்தபடி இருந்தது.

டீ நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.